சத்தமே போடாத பள்ளிக்கூடம்

மூங்கில் காட்டுக்குக் கீழே, ஓடை வளைகிற இடத்தில் ஒரு புல்வெளி இருந்தது. அதில் நாற்பது மான்குட்டிகள் படித்தன. ஆனால் நீங்கள் நேரில் போய் நின்று பார்த்தால் ஒரு குட்டிகூடக் கண்ணுக்குத் தெரியாது!

அப்படி ஒரு பள்ளிக்கூடம் அது. காலையில் அம்மா மான்கள் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மேயப் போகும். வாத்தியார் கவைக்கொம்பர் என்கிற வயதான ஆண்மான் முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டுவார். அவ்வளவுதான்! நாற்பதும் ஆளுக்கொரு புல்புதரில் படுத்துவிடும். வெயில் விழுந்த புள்ளி எது, மான்தோலின் புள்ளி எது என்று காட்டைப் படைத்தவனுக்கே தெரியாது. குட்டிகளின் உடம்பில் வாசனையும் கிடையாது. மோப்பம் பிடிக்கிற மிருகம் பக்கத்திலேயே நடந்து போனாலும் ஒன்றும் புரியாமல் போய்விடும். அடேயப்பா, நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது!

"நம்ம பள்ளிக்கூடத்துல மூணே பாடம்! அசையாதே! பேசாதே! அழாதே! எங்கே, எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம்!" என்பார் கவைக்கொம்பர்.

ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் இரண்டாவது பாடத்தில் ஃபெயில்!

வாரத்துக்கு ஒருமுறை, வாயே திறக்காத குட்டிக்குக் காட்டுமல்லிக் கொடியில் ஒரு மாலை போடுவார். "பதினோரு வருஷமா இங்கேயிருந்து ஒரு சத்தம் வெளியே போனதில்லை!" என்று மார்தட்டிக்கொள்வார்.

யானைக் கூட்டம்கூட அந்தப் புல்வெளிக்குள் கால் வைக்காது. "எந்தப் புதர்ல எந்தப் பிள்ளை கிடக்குதோ! தெரியாம மிதிச்சுட்டா என்ன பண்றது?" என்று பெரிய யானை தன் கூட்டத்தைச் சுற்றுவழியில் கூட்டிப்போகும்.

மத்தியானச் சாப்பாடு பூவாத்தா என்கிற மந்தியின் பொறுப்பு. அவள் நெல்லி மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு புதராகக் குறிபார்த்து நெல்லிக்காயும் கொழுந்தும் போடுவாள். ஒன்றுகூடக் குறி தவறாது. பிள்ளைகளுக்கு அவள் அத்தை.

ஒருநாள் ஒற்றைக் காது செந்நாய் ஒன்று ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. போகிற வழியில் எதிலோ தடுக்கிக் குப்புற விழுந்தது. எழுந்து பார்த்தால், புதருக்குள் இரண்டு கண்கள்! அது சிமிழி என்கிற சின்னப் பெண்குட்டி.

"அட! புல்லுக்குக்கூட எலும்பு முளைச்சிருக்கே!" என்றது செந்நாய்.

சிமிழி மூச்சுக்கூட விடவில்லை. பாடத்தை அவ்வளவு நன்றாகப் படித்திருந்தாள், பாவம்.

"உன்னைத் தின்னா எனக்குப் பல்லுல ஒட்டத்தான் காணும்," என்றது செந்நாய். "இங்கே நாற்பது பேர் கிடக்கிறீங்களாமே! யார் யார் எந்தப் புதர்லன்னு பார்த்து வை. அஞ்சாம் நாள் உச்சி வெயில்ல என் கூட்டத்தோட வருவேன். நீ ஒவ்வொண்ணா காட்டணும். அதுக்குள்ள யாருகிட்டயாவது வாயைத் திறந்தியோ, மேயப் போன உங்கம்மா திரும்பி வரமாட்டா!"

போகிறபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "பேசாதேன்னு உங்க வாத்தியாரே சொல்லியிருக்காரே! நல்ல பிள்ளையா இரு!"

சிமிழி நல்ல பிள்ளையாக இருந்தாள். சாயங்காலம் அம்மா வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை உரசிக்கொண்டே நடந்தாள். பால் குடிக்கவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கவைக்கொம்பர் மாலையோடு வந்தார்.

"இந்த வாரம் கல்லு மாதிரி கிடந்தது யாரு தெரியுமா? நம்ம சிமிழி! எல்லாரும் இவளைப் பார்த்துக் கத்துக்கணும்!"

மாலை சிமிழியின் கழுத்தில் விழுந்தது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

மரத்து மேலே இருந்த பூவாத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமிழியின் புதரைச் சுற்றி மூன்று நாள் நெல்லிக்காய் அப்படியே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. பூவாத்தா விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"வாத்தியாரய்யா! சிமிழிக்கு என்னமோ ஆயிடுச்சு! மூணு நாளா பல்லுல ஒண்ணும் படல!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை! காலையில எண்ணினேன், நாற்பது. சாயங்காலம் எண்ணினேன், நாற்பது. அப்புறம் என்ன? பள்ளிக்கூடத்துலயே அமைதியான பிள்ளை அவதான்!"

"அதைத்தான் சொல்றேன்! போன வாரம் வரைக்கும் நெல்லிக்காய் விழுந்தா காதை ஆட்டுவா. இப்ப அதுகூட இல்லை!"

"காதை ஆட்டுறது முதல் பாடத்துல தப்பு!" என்று சொல்லிவிட்டுக் கவைக்கொம்பர் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கொம்பைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டியிருப்பேன்!

பூவாத்தா சண்டை போடவில்லை. நான்காம் நாள் காலையில் சிமிழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதுகில் உண்ணி பார்த்து எடுத்தாள். வெகுநேரம் கழித்துத் தன்பாட்டுக்குப் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"சின்ன வயசுல ஒரு மலைப்பாம்பு என்னைத் துரத்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. பத்து நாளு சோறு தண்ணி இறங்கல. சொன்ன அன்னிக்குத்தான் பசிச்சுது."

சிமிழி மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"அத்தை... சொன்னா அம்மாவைக் கொன்னுடும்..."

சொல்லிவிட்டாள்! அவ்வளவு சின்ன வாயிலிருந்து அவ்வளவு பெரிய பயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒற்றைக் காது, ஐந்தாம் நாள், உச்சி வெயில், எல்லாம். பூவாத்தா அவளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லைடி தங்கம். சொன்ன பாரு, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! இனிமே இதை நீ ஒருத்தியா சுமக்க வேண்டாம்."

அடுத்த நிமிடம் அவள் கவைக்கொம்பர் முன்னால் நின்றாள்.

"என் பள்ளிக்கூடத்துல செந்நாயா? மெதுவா பேசு! வெளியே தெரிஞ்சா பேரு கெட்டுப்போயிடும்!" என்று பதறினார் அவர்.

"பேரு கெட்டா திரும்பச் சம்பாதிச்சுக்கலாம். பிள்ளை போனா எங்கே போய்ச் சம்பாதிப்பீங்க?"

கவைக்கொம்பர் நேரே சிமிழியின் புதருக்குப் போனார். பதினோரு வருஷமாக வளையாத முன்னங்காலை மடக்கி அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் மாலை போட்டது உன் பயத்துக்கு. அது எனக்குத் தெரியல கண்ணு. தப்பு என்னோடது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பூவாத்தா மரம் மரமாகத் தாவிக் காடெல்லாம் சேதி சொன்னாள். அம்மா மான்கள் தனியாக மேயாமல் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. சிமிழியின் அம்மா அவற்றின் நடுவில் நின்றாள். காட்டுமாடுகள் ஓடைக்கரையை அடைத்துக்கொண்டன. பெரிய யானை தன் கூட்டத்தோடு மூங்கிலுக்குப் பின்னால் வந்து நின்றது.

"பிள்ளைங்களை வேற இடத்துக்குக் கொண்டுபோனா செந்நாய் இன்னொரு நாள் சொல்லாம வந்துடும், இங்கேயே விரட்டிடணும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு," என்றது யானை. "புல்லு ஆள் உயரம். செந்நாய் எந்தப் பக்கம் பதுங்கி வருதுன்னு நமக்குத் தெரியாது. பிள்ளைங்க எங்கே கிடக்குதுங்கன்னும் தெரியாது. உள்ள வந்தா நாங்களே மிதிச்சுடுவோம். பூவாத்தா ஒருத்தி நாற்பது இடத்தையும் கத்திச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். பிள்ளைங்க குரல் கொடுத்தாத்தான் உண்டு!"

"செந்நாயைப் பார்த்தா கத்துங்க!" என்றார் கவைக்கொம்பர் குட்டிகளிடம். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமா! இதுதான் நாலாவது பாடம்!"

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கத்துவது எப்படி என்றே அவற்றுக்குத் தெரியாது!

ஐந்தாம் நாள். உச்சி வெயில். காற்று நின்றுவிட்டது. ஏழு செந்நாய்கள் வயிறு தரையில் தேயத் தேயப் புல்லுக்குள் வந்தன. வெளியே நின்ற யாருக்கும் தெரியவில்லை. சிமிழிக்கு மட்டும் தெரிந்தது. அவள் மூக்குக்கு முன்னால் அந்த ஒற்றைக் காது!

"எங்கே, காட்டு பார்க்கலாம்," என்று குசுகுசுத்தது செந்நாய்.

சிமிழி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தாள்.

"அத்தை! இங்கே! நான் இங்கே இருக்கேன்!"

அந்தப் புல்வெளியில் ஒரு குட்டி போட்ட முதல் கூப்பாடு அதுதான். செந்நாயே ஒரு கணம் திகைத்துவிட்டது. அதற்குள் பக்கத்துப் புதரிலிருந்து, "நானும் இங்கே இருக்கேன்!" அப்புறம் ஓடைப் பக்கம், "நான் இங்கே!" அப்புறம் பாறைப் பக்கம், மரத்தடி, மேடு, பள்ளம்! நாற்பது தொண்டை! பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வெயிலையே மறைத்தன. மூங்கில் காடு அப்படியே இரண்டாகப் பிளந்தது. யானைகள் வந்தன!

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பதினாறு யானைகள் பிளிறிக்கொண்டு ஓடிவந்தன. ஆனால் "நான் இங்கே!" என்று குரல் வந்த இடத்திலெல்லாம் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது, விலகியது, பக்கத்தில் போய் மெல்ல இறங்கியது. குட்டிகளைச் சுற்றித் தூண் தூணாகக் கால்கள். ஒரு குட்டியின் மேலும் தூசி தவிர வேறெதுவும் படவில்லை! காட்டுமாடுகள் கொம்பைத் தாழ்த்தி நின்றன. செந்நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. ஒற்றைக் காது எல்லாருக்கும் முன்னால் ஓடியது! அதற்கப்புறம் அந்தப் பக்கம் அது தலைகாட்டவே இல்லை.

தூசி அடங்கியது. சிமிழி பெரிய யானையின் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அவளைக் காப்பாற்ற இவ்வளவு பெரிய காடு இத்தனை நாளும் பக்கத்திலேயே நின்றிருக்கிறது! அவளுக்கு உதவி வேண்டும் என்று அதற்கும் தெரியவில்லை, கூப்பிடலாம் என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. அம்மா ஓடிவந்து அவளை நக்கி நக்கி நனைத்துவிட்டாள்.

அன்று முதல் குட்டிகள் ஒளியவும் படித்தன, கூப்பிடவும் படித்தன. சாயங்காலம் கவைக்கொம்பர் எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு புதராகப் போய், "இன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். "வாத்தியாரய்யா, எறும்பு கடிச்சுது!" என்று ஒரு குட்டி நீட்டி முழக்கும். அதையும் கடைசி வரைக்கும் கேட்பார்.

பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று பெருமைப்படும் முன், பயமில்லாமல் பேச அதற்கு ஒரு காதும், குரல் கொடுத்தால் ஓடிவர ஊரும் இருக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.