பூவரசு மரத்துப் பூச்சி

"பதினெட்டு வருஷமா இந்த மைக்ராஸ்கோப்புக்குள்ள கண்ணை விட்டுக்கிட்டுக் கிடக்கேன் மேடம். என் பேரைச் சொல்ல ஒரு பூச்சி உண்டா?"

கேட்டவன் கோமதிநாயகம். வயது ஐம்பத்தொன்று. யாரிடம் கேட்டான் என்றால், அவனுடைய ஆசிரியை எப்சிபா மேடத்திடம். அவனைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். ஆனால் செதில் பூச்சி என்று வந்துவிட்டால் அந்தக் கல்லூரியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

செதில் பூச்சி தெரியும்தானே? இலையில் சாம்பல் பொட்டாக ஒட்டிக் கிடக்கும். வாயைக் குத்தினால் குத்தின இடம்தான், சாகும்வரை நகராது. அதில் ஏழு இனங்களை மேடம் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருந்தார். புத்தகங்களில் அந்த ஏழுக்குப் பின்னாலும் அவர் பெயர் நின்றது.

"புன்னை இலையில ஒண்ணு பிடிச்சிருக்கேன். கொய்யாவுல இருக்கே பழைய பூச்சி, அதோட சாடைதான். ஆனா இது ஒல்லி, நீளம், ஓரத்து முள்ளுல ரெண்டு குறைவு. புது இனம் மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அச்சுக்கு அனுப்பிருவேன்."

மேடம் மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லை. மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதோட குஞ்சுகளை எடுத்துக் கொய்யாச் செடியில விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்க."

விட்டான். இரண்டு மாதம் பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டான். குஞ்சுகள் வளர்ந்தன. குண்டாக, உருண்டையாக, முள்ளில் ஒன்றுகூடக் குறையாமல் வளர்ந்தன. பழைய கொய்யாப் பூச்சியேதான். தின்ற செடி உடம்பை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். இனமாவது, புதுசாவது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏழு வச்சிருக்கற மகராசிக்கு எனக்கு ஒண்ணு இருந்தா பொறுக்கலை," என்று மனைவியிடம் சொன்னான். சொல்லியும் ஆறவில்லை.

வயிற்றெரிச்சல் சும்மா இருக்க விடுமா? மேடத்தின் ஏழில் மூன்றாவது, பூவரசு மரத்துப் பூச்சி. அதன் குஞ்சுகளைக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் நின்ற கொய்யாவில் விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதத்தில் அவையும் குண்டாயின.

மறுநாள் அந்தக் கிளையை வெட்டிக்கொண்டு போய் மேடத்தின் மேசையில் போட்டான். அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உங்க மூணாவது பூச்சி மேடம். கொய்யாவுல வளர்ந்தது. நல்லாப் பாருங்க."

மேடம் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மத்த ஆறு?"

"அதை இன்னும் பார்க்கலை."

"மெனக்கெட வேண்டாம்."

மேசை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கையெழுத்து. ஏழு மரத்துப் பூச்சிகளையும் கொய்யாவில் வளர்த்தாயிற்று, ஏழும் அந்தப் பழைய பூச்சியே, ஏழு பெயர்களையும் நீக்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே தேதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தினது.

ஜெயிக்க வந்தவன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் அனுப்பலை?"

"அதுக்கு முந்தின வருஷந்தான் நீங்க டாக்டர் பட்டம் வாங்கினீங்க. எதைப் பத்தி எழுதி வாங்கினீங்க?"

 அந்த ஏழையும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிரித்தறிவது என்று நானூறு பக்கம் எழுதியல்லவா வாங்கினான். வேலை, வீடு, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை எல்லாம் அந்த நானூறு பக்கம் போட்ட பிச்சை.

"உங்களுக்காகத்தான் அனுப்பாம வச்சிருந்தேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் நம்பலை."

மேடம் ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆய்விதழின் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியிருந்தது.

"வர்ற வெள்ளியோட நான் ரிட்டயர். இனி உங்க இஷ்டம்."

கோமதிநாயகம் தாளை இன்னொரு தரம் படித்தான். உறையைப் பார்த்தான். பிறகு தாளை நாலாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்து, இழுப்பறையை மூடினான்.

"இவ்வளவு காலமும் நீங்க என்கிட்ட வேலைதான் பார்த்தீங்க," என்றார் மேடம். "இன்னைக்குத்தான் சிஷ்யன் ஆயிருக்கீங்க."