சந்தனம் பூசிய தாழ்மரம்

"தாயி, அந்தத் தாழ்மரத்தை எனக்குக் கொடுத்துருங்க. இல்லேன்னா என் கோட்டை போச்சு!"

இப்படி வந்து நின்றவர் குமராண்டி. கரட்டூர்க் கோட்டையின் காவல் தலைவர். தலை முழுக்க நரை. அவர் குருவாக வரித்துக்கொண்ட உலகம்மைக்கோ இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை. இதைச் சொல்லி ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

உலகம்மை இருந்தது பழங்கோட்டையில். கோட்டை என்று பேர்தான். மண்சுவரெல்லாம் எப்போதோ மழையில் கரைந்துவிட்டது. மிஞ்சியது, தலைவாசல் கதவுக்குக் குறுக்கே போடும் தாழ்மரம் ஒன்றுதான்.

யானையை விட்டு மோதியும் அந்த மரம் அசையவில்லையாம். பெரும்படை வெறுங்கையோடு திரும்பிப் போனதாம். அன்றிலிருந்து வெள்ளிதோறும் அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். பூசியதன் மேலேயே பூசுவதுதான் வழக்கம். கழுவினால் சக்தி போய்விடுமாம்.

"உங்க கோட்டைக்கு என்ன வந்துச்சு?" என்றாள் உலகம்மை.

"அழகுமலை படையோட வந்து தலைவாசலுக்கு எதிர்ல உக்காந்திருக்கான் தாயி. நேத்து யானையை விட்டு மோதினான். என் தாழ்மரம் முனை நசுங்கி விரிசல் விட்டுருச்சு. இன்னொரு இடி தாங்காது. பின்பக்கத்துப் பாறையில கயிறு கட்டி இறங்கி வந்திருக்கேன். கூட வந்த ஆளுங்க மூணு பேரும் வண்டியோட இங்க கீழ நிக்கிறாங்க."

"உள்ள எல்லாரும் சுகந்தானே?"

குமராண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"மக பூரணத்துக்குக் காய்ச்சல். நினைவே இல்ல. வைத்தியர் வீடு அடிவாரத்துல இருக்கு. பாழாப்போனவன் அங்கேயேதான் கூடாரம் அடிச்சிருக்கான். வைத்தியரை வெளிய விடமாட்டேங்கிறான். புள்ளையைக் கயித்துல இறக்கலாம்னா, இருக்கிற இருப்புக்கு வழியிலயே உசிரு போயிரும்."

அவர் கைகூப்பினார்.

"மரத்தைக் கொடுங்க தாயி. மொதல்ல வாசலைக் காப்பாத்திக்கிறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. கழுவிட்டு எடுத்துட்டுப் போங்க."

"கழுவவா! ஐயையோ, அது தெய்வக் குத்தமில்லையா?"

"உள்ள உளுத்துப் போயிருந்தா? பார்க்காமயே கொண்டு போய்க் கதவுல போடுவீங்களா?"

நியாயமான கேள்விதான். குமராண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். விழுந்து கும்பிட்டார். பிறகு தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. எத்தனை வெள்ளிக்கிழமையோ! ஊற ஊறத் தேய்த்தார். கடைசியில் மரம் தெரிந்தது. நல்ல வேங்கை. ஒரு துளை இல்லை.

அவர் முனையைப் பார்த்தார். மறுமுனைக்கு ஓடிப்போய் அதையும் பார்த்தார்.

தாழ்மரத்தின் முனைகள் சுவர்க்கல்லில் இருக்கும் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். யானை மோதினால் முதலில் நசுங்குவது அந்த முனைகள்தான். அவர் கோட்டை மரம் அப்படித்தான் நசுங்கியது. இதுவோ தச்சன் செதுக்கிக் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"தாயி, இதுல யானை மோதவே இல்லையே!"

"ஆமா, மோதலை."

"அப்ப இது என்ன?"

நடுவாக்கில் இரண்டு இடத்தில், கயிற்றை இறுக்கிக் கட்டிய தடம் மரத்தில் பதிந்து கிடந்தது.

"டோலி கட்டின தடம்" என்றாள் உலகம்மை. "எங்கம்மாவுக்குப் பிரசவ வலி. புள்ளை குறுக்க கிடந்திருக்கு. மருத்துவச்சி வீடு கோட்டைக்கு வெளிய, எதிரிப் படைக்கு நடுவுல. முற்றுகையில மூங்கில், கட்டில்னு எல்லாம் அடுப்புக்குப் போயிருச்சு. நீளமா மிச்சம் இருந்தது இந்த ஒரு மரந்தான்."

"இதை உருவிட்டா கதவு?"

"திறந்துதான் கிடந்துச்சு."

"படை எதிர்ல நிக்கும்போதா?"

"ஆமா. நாலு பேர் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தன் கையிலயும் கத்தி இல்ல. எங்கம்மா போட்ட கூச்சல் அவங்களுக்கு முன்னால போயிருக்கு. எதிரிப் படைக்காரங்க யானையை ஓரமா இழுத்து வழி விட்டிருக்காங்க. அங்கேயே, படைக் கூடாரத்துக்குப் பக்கத்துலயே நான் பொறந்தேன். படைத்தலைவன் திறந்த வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தானாம். மறுநாள் கூடாரத்தைப் பிரிச்சுட்டுப் போயிட்டான்."

குமராண்டி அம்மாடி என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக விழுந்து விழுந்து கும்பிட்ட மரம்! படையைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கு அது கதவிலேயே இல்லை!

"இது ஊருக்குத் தெரியாதா தாயி?"

"தெரிஞ்சவங்கதான் யானைக் கதையைச் சொன்னாங்க. மரம்னா மாலை போடலாம். திறந்த வாசலுக்கு எங்க போடுறது?"

அவர் ஈர மரத்தின் மேல் கையை வைத்தார்.

"ஒண்ணு கேக்கிறேன். நான் கதவைத் திறந்தா, அழகுமலை உள்ள பாய மாட்டான்னு நிச்சயம் உண்டா?"

"இல்ல."

"இல்லையா!"

"எங்கம்மாவுக்கும் யாரும் நிச்சயம் சொல்லலை, கோட்டைக்காரரே."

குமராண்டி எழுந்தார். இடுப்பிலிருந்த வாளை உருவாமல், உறையோடு அவிழ்த்துக் குருவின் காலடியில் வைத்தார். கீழே நின்ற ஆட்களைக் கூப்பிட்டார்.

"உங்க வாளையும் இங்க வச்சுட்டு வாங்கடா. முன்னால ரெண்டு பேரு, பின்னால ஒருத்தன்னு தோள் கொடுங்க. நானும் பின்னால பிடிக்கிறேன்."

"வண்டியில போட்டுப் பாறைக்குக் கொண்டு போகலையா ஐயா?"

"இல்ல. நேரா தலைவாசலுக்கு. கதவைத் திறந்து, பூரணத்தை இதுல டோலி கட்டித் தூக்கிட்டு வரணும்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஐயா, அங்க அழகுமலை நிக்கிறானே!"

"வைத்தியரும் அங்கதான்டா இருக்காரு. தூக்குங்க."