மீசையால் மீண்ட சலூன்

எங்கள் கடைவீதியில் மருதமுத்துவின் சலூன் இருபது வருடமாக நடக்கிறது. கட்டடக்காரர் ராஜரத்தினம் அந்த இடத்தைத் தன் மருமகனுக்குக் கேட்டார், மருதமுத்து மறுத்தார். தொடர்ந்து ஒரு மாதம் கடை மூடியிருந்தால் வாடகை ஒப்பந்தம் ரத்து என்று பத்திரத்தில் இருந்தது. ஆடி முழுக்கக் கடை பூட்டிக் கிடந்ததாகப் பொய் சொல்லி ராஜரத்தினம் ரத்து செய்துவிட்டார். அவரை எதிர்த்துச் சாட்சி சொல்ல வீதியில் ஒருவரும் வரவில்லை. நானும் போகவில்லை.

"எவன் வராட்டியும் இடத்தை விடமாட்டேன்" என்று மருதமுத்து வக்கீல் இல்லாமலே கோர்ட்டுக்குப் போனார். கூண்டில் நின்ற ராஜரத்தினத்திடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு உங்க வீட்டு விசேஷம். என் கடைதான் பூட்டியிருந்துச்சே, உங்க மீசைக்குச் சாயம் பூசினது யாருங்க?"

கோர்ட்டே சிரித்தது. அறுபது வயதிலும் மீசை தானாகவே கறுப்பு என்று பீற்றிக்கொள்கிறவர் ராஜரத்தினம்.

"சாயமாடா? அன்னிக்கு உன் கடையில உட்கார்ந்து வெறும் கத்தரிதானே போடச் சொன்னேன்!"

"ஐயா, இதை எழுதிக்குங்க" என்று மருதமுத்து நீதிபதியைக் கும்பிட்டார்.

சலூன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ராஜரத்தினம் பக்கத்து ஊரில் சவரம் செய்துகொள்கிறார். அங்கே சாயம் கேட்க வாய் வரவில்லை போலும், மீசை வெளுத்துவிட்டது.