வீகன் மாமனாரும் உருண்டு வந்த பிரியாணியும்

கோணவிளை நல்லசிவத்துக்கு எதையும் ஒருமுறை சொன்னால் போதும், சொன்னபடியே செய்துவிடுவான். அதனாலேயே ஊரில் யாரும் அவனிடம் எதையும் சொல்வதில்லை.

காதோரம் நரைக்கத் தொடங்கிய பிறகு அவனுக்கு ஒரு வரன் வந்தது. பெண் செண்பகவல்லியைக் கோயிலில் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. பெண்ணின் அப்பா ஆவுடையப்பன், மாப்பிள்ளையைத் திருநெல்வேலியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்தார். அங்கே பையனைப் பிடித்தால்தான் பெண்.

தரகர் சங்கரலிங்கம் முன்கூட்டியே எச்சரித்தார். ஆவுடையப்பன் வீகனாம். கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன்கூடத் தொடமாட்டாராம்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கிடுங்க. உசிருள்ளதுகிட்டேருந்து எதையும் வாங்கக் கூடாது. அதுதான் அங்கே சோதனை" என்றார்.

நல்லசிவம் துணைக்கு அத்தை மகன்கள் மாடக்கண்ணையும் பிச்சையாவையும் கூட்டிக்கொண்டு போனான். ஓட்டல் வாசலில் பிச்சையாவுக்குத் திடீரென்று உறைத்தது, செருப்பு மாட்டுத்தோல். மூன்று ஜோடியும் காவலாளியின் நாற்காலிக்கடியில் போயின. அடுத்து மாடக்கண்ணு மாப்பிள்ளையின் இடுப்பைப் பார்த்தான். தொளதொளவென்றிருந்த புது பேன்ட்டை நிறுத்திவைத்திருந்ததே அந்த பெல்ட்தான். அதுவும் தோல்தான்; அதையும் கழற்றிச் செருப்போடு போட்டார்கள். அப்போது இடுப்பைப் பிடித்த நல்லசிவத்தின் இடது கை பிறகு அங்கிருந்து நகரவில்லை.

ஆவுடையப்பன் அதிகம் பேசாதவர். மாப்பிள்ளையின் வெறுங்காலைப் பார்த்தார், இடுப்பில் இருந்த கையைப் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

வெள்ளைக் கையுறை போட்ட சர்வர், தேங்காய்ப்பாலில் செய்த காளான் சூப்பை நீட்டினார். நல்லசிவம் ஆசையோடு கையை நீட்டினான். மேசைக்கடியில் பிச்சையா அவன் காலை மிதித்தான்.

"ஏலே, அவரு உசிரோட இருக்காரு."

மூவரும் சர்வரை உற்றுப் பார்த்தார்கள்.

"ஆமா, கண்ணைச் சிமிட்டுதாரு" என்றான் மாடக்கண்ணு.

"அது ஏ.சி. காத்துக்குத் தானா சிமிட்டும்" என்றான் நல்லசிவம். அவனுக்கு நல்ல பசி.

"மூச்சும் விடுதாரே" என்றான் பிச்சையா.

நல்லசிவம் சூப்பை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

சூப் திரும்பிப் போனது. வாழைப்பூ கட்லெட் மணக்க மணக்க வந்து, அதே மணத்தோடு திரும்பிப் போனது. ஏதோ குறை நேர்ந்துவிட்டதோ என்று சர்வர் கலங்கினார். குறை ஒன்றுமில்லை, அவர் இல்லாமல் சாப்பாடு மட்டும் வந்தால் போதும் என்று நல்லசிவம் பணிவாகச் சொன்னான். மேசையில் வைத்துவிட்டுப் போகிறேனே என்றார் அவர். மூவரும் கூடிப் பேசினார்கள். வைக்கும்போது அவர் கை தட்டில் இருக்குமே, அது சரிவராது என்று முடிவாயிற்று.

கடைசியில் மாடக்கண்ணுதான் வழி சொன்னான். பாத்திரம் கொண்டுபோகும் டிராலியில் சாப்பாட்டை வைத்துத் தள்ளிவிட வேண்டும். பாதி வழியில் சர்வர் கையை எடுத்துவிட வேண்டும். "மிச்ச தூரம் வண்டி தானா வருது. அப்போ நமக்குக் கொடுக்கது வண்டிதானே?"

பலாக்காய் பிரியாணி முதல் தள்ளலில் பக்கத்து மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது தள்ளலில் பிச்சையா பாய்ந்து பிடித்தான். நல்லசிவம் வண்டிக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு கையாலேயே வயிறாரச் சாப்பிட்டான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு சுத்தமான பிள்ளையை நான் கண்டதில்லை. என் மகளை உங்களுக்குக் கொடுக்கேன்" என்றார்.

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. மறுகணமே வாடியது. ஆவுடையப்பன் கண்ணைச் சிமிட்டினார். மூச்சும் விட்டார்.

மூன்று தலைகளும் மேசைக்கடியில் ஒன்றுகூடின.

"அவரு காலம் முடியுத வரைக்கும் பொறுத்திருந்து வாங்கிக்கிடுவோமா?" என்று கேட்டான் பிச்சையா.

"ஆளு கல்லு மாதிரி இருக்காரு" என்றான் மாடக்கண்ணு.

நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. தலையைத் தூக்கினான். எதிரே டிராலி நின்றது.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணை அந்த வண்டியில உக்காரவெச்சு லேசா ஒரு தள்ளு தள்ளிவிட்டுருங்க. நாங்க இந்தப் பக்கம் நின்னு பிடிச்சுக்கிடுதோம்" என்று சொல்லி, பிடிப்பது எப்படி என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு கையை அவசரமாக இடுப்புக்குத் திருப்பினான்.

ஆவுடையப்பன் டிராலியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்துபோய், டிராலியின் பக்கத்தில் குனிந்து சக்கரத்தை முகர்ந்து பார்த்தார்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா இந்தச் சக்கரத்துக்கு நெய் கிய் தடவியிருக்காங்களான்னு விசாரிச்சீங்களா?"