அருளப்பன் சாரின் இரண்டு தவளைகள்

அருளப்பன் சார் அன்று காலையிலேயே வழிகாட்டியின் அறைக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தொல்லுயிர் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மனிதர். அவருக்கு வழிகாட்டி மெய்யம்மை. வயது முப்பத்தாறு. இரண்டு புதுத் தவளை இனங்களைக் கண்டுபிடித்ததற்காக ஞாயிற்றுக்கிழமை ஊரில் சாருக்குப் பாராட்டு விழா. இன்று வெள்ளி. ஆய்வுக் கட்டுரையில் மெய்யம்மையின் கையெழுத்து இன்னும் விழவில்லை.

"மூணு வருஷம் குவாரி மண்ணைச் சலிச்சேன் மேடம். கிடைச்சது இந்த ரெண்டு துண்டுதான். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனா கல்லாப் போன தவளை இடுப்பெலும்பு! ஒண்ணுல எலும்பு மேல இருக்கிற முகடு உசரம், இன்னொண்ணுல தாழ்வு. ரெண்டும் புது இனம். எப்ப கையெழுத்துப் போடுவீங்க?"

மெய்யம்மை ஒரு தீப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இரண்டு எலும்புகள்.

"இதைப் பார்த்துச் சொல்லுங்க சார்."

பரீட்சையா! முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பரீட்சை வைத்தவர். நுண்ணோக்கியில் குனிந்தவர் முக்கால் மணி நேரம் நிமிரவில்லை. இடுக்கியால் எலும்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு வலது, ஒண்ணு இடது. முகடு ஒத்துப்போகலை. இதுவும் ரெண்டு இனம்தான் மேடம்."

"போன மழையில எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில ஒரு தவளை செத்துக் கிடந்தது. அதோட வலதும் இடதும்தான் இது."

பாவம், மனிதர் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார்.

"அப்ப என்னோடதும் ஒரே இனமா?"

"இருக்கலாம். ரெண்டாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னா எப்படி மேடம்? பிளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல கட்டியாச்சு! சம்பந்தி வீட்டுல வேன் பிடிச்சு வர்றாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் மேடையேறுவேன்?"

மெய்யம்மைக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை.

"பிளெக்ஸ்ல என்ன போட்டிருக்கு சார்?"

"என் போட்டோ. அந்தப் பக்கம் ஒரு தவளை, இந்தப் பக்கம் ஒரு தவளை. ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள்."

"நிறம் யார் சொன்னது?"

அருளப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"கடைக்காரர் கேட்டார். நான்தான் சொன்னேன்."

"ரெண்டுன்னு யார் சொன்னது?"