தலையாட்டும் நோயாளி

"மேடம், அந்த நோயாளிக்கு நீங்க ஏதோ சொல்லிக்கொடுத்து வச்சிருக்கீங்க" என்றாள் செல்வக்கனி.

"சொல்லிக்கொடுக்காம எப்படி, அக்கா? அவர் நம்ம காலேஜ் வேன் டிரைவர். நோயாளியா நடிக்கத்தானே படுக்க வச்சிருக்கோம்" என்றாள் ஜெரினா.

பயிற்சிக்கூடத்துக் கட்டிலில் டிரைவர் சங்கிலி மார்புவரை போர்த்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

பிள்ளைகளை வளர்க்க நர்ஸ் வேலையை விட்டவள் செல்வக்கனி; பழைய உரிமமும் காலாவதியாகிவிட்டது. இந்த ஒத்திகைத் தேர்வில் தேறினால்தான் உரிமத் தேர்வுக்கு அனுப்புவார்கள்; உரிமம் வந்தால்தான் மறுபடி வேலை. இன்று கடைசி வாய்ப்பு. ஜெரினாவோ ஒரு காலத்தில் அவளுக்குக் கீழே வார்டில் வேலை பழகியவள். இன்று அவளுக்கே மதிப்பெண் போடுகிறவள்.

சந்தேகப்பட இவ்வளவு போதாதா?

"முதல் தடவை, 'நீங்கதானே அருணகிரி?'ன்னு கேட்டேன். தலையாட்டினார். மாத்திரையை நீட்டினேன். கையில கட்டியிருந்த பட்டையில வேற பேரு! முட்டை போட்டீங்க."

"போட்டேன்."

"அடுத்த தடவை பட்டையைப் பார்த்தேன். பேரு சரி. மாத்திரையை எப்போ போடணும், தலை சுத்தினா என்ன செய்யணும், எல்லாம் விளக்கமாச் சொன்னேன். 'புரிஞ்சுதா?'ன்னேன். தலையாட்டினார். அதுக்கும் முட்டை!"

"அதுக்கும்தான்."

"வார்டுல நான் திட்டினதை மனசுல வச்சிருக்கீங்க."

"எதை அக்கா? ஊசியை மாத்தி எடுத்ததுக்கா, பெட்பானைக் கவிழ்த்ததுக்கா? நிறைய இருக்கே."

செல்வக்கனி சிரிக்கவில்லை. "இவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"அவர்கிட்டயே கேளுங்க."

செல்வக்கனி கட்டிலருகே போய் நின்றாள்.

"அண்ணே, எதைக் கேட்டாலும் தலையாட்டணும்னு மேடம் சொன்னாங்கதானே?"

சங்கிலி ஆமாம் என்று தலையாட்டினார்.

"பார்த்தீங்களா! ஒப்புக்கிட்டார்!"

"பார்த்தேன்" என்றாள் ஜெரினா. "நான் அப்படிச் சொல்லவே இல்லைதானேன்னும் கேட்டுருங்க."

செல்வக்கனி உதட்டைச் சுழித்தாள். கேட்பதில் என்ன நட்டம்?

"அண்ணே, மேடம் அப்படிச் சொல்லவே இல்லைதானே?"

சங்கிலி ஆமாம் என்று தலையாட்டினார். பூம்பூம் மாடுகூட இவ்வளவு பணிவாக ஆட்டாது.



ஜெரினாவைச் சந்தேகப்பட்டாயிற்று. டிரைவரைச் சந்தேகப்பட்டாயிற்று. தூக்கம் வராத விடியற்காலையில், போன இரண்டு தடவையின் வினாத்தாளைக்கூடச் சந்தேகப்பட்டாயிற்று. அந்தத் தலையை மட்டும் அவள் இதுவரை சந்தேகப்படவில்லை.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். ஷேவ் செய்யாத தாடை, வறண்ட உதடு, டீ குடிக்கத் தவிக்கும் கண்.

"அண்ணே, மேடம் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? உங்க வாயால சொல்லுங்க."

பழக்கதோஷத்தில் ஆடப்போன தலை பாதியில் நின்றது. சங்கிலி ஜெரினாவைப் பார்த்தார். ஜெரினா பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"'உங்களை யாராச்சும் வாயைத் திறந்து பேச வச்சா, எந்திரிச்சுப் போயிரலாம்'னாங்க, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, போர்வையை உதறி இறங்கி, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார்.