ஒரு புளியங்கொட்டை குறைந்தது

ஒரு காட்டில் நாற்பத்தொரு விலங்குகள் ஒரே சுனையில் தண்ணீர் குடித்து வந்தன. எதையும் அவை கூடித்தான் முடிவு செய்யும். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. சம்மதம் என்றால் வலக்குழியில் போட வேண்டும், இல்லை என்றால் இடக்குழியில். எண்ணுவது அழுங்கின் வேலை. உடம்பெல்லாம் செதில் மூடிய அந்த அழுங்குக்குக் கூச்சம் அதிகம். யாராவது உற்றுப் பார்த்தாலே சுருண்டுகொள்ளும். ஆனால் அதன் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை.

ஒரு கோடையில், இந்த நாற்பத்தொன்றில் சேராமல் சுனைக்குக் காவல் மட்டும் இருந்த யானைக் கூட்டம் வேறு மலைக்குப் போய்விட்டது. மறுவாரமே ஆற்றைக் கடந்து ஒரு சிறுத்தை வந்தது.

“இன்னுமா கொட்டை எண்ணுகிறீர்கள்?” என்று அது சிரித்தது. “அக்கரையில் நான் சொல்வேன், நடக்கும். வெயில் ஏறுமுன் எல்லாரும் குடித்துவிடுவார்கள்.”

தாகத்தோடு நின்ற முயலுக்கு அது பிடித்துப்போனது. “அண்ணன் சொல்வது நியாயம்தான். இந்த அழுங்கு எண்ணி முடிப்பதற்குள் சுனையே வற்றிவிடும்” என்று கேலி செய்தது. அண்ணனுக்குக் காட்டைச் சுற்றிக் காட்டவும் அதுவே கூடப் போனது.

மறுநாள் காலை விலங்குகள் கூடின. இனி எண்ண வேண்டாம், சிறுத்தை சொல்வதே முடிவு. இதற்குச் சம்மதமா என்று கடைசியாக ஒருமுறை கொட்டை போட்டன.

அழுங்கு குழிகளின் அருகே வந்தது. இன்றோடு எல்லாம் முடிந்துவிடுமே. ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணியது.

“வலக்குழியில் இருபத்தாறு. இடக்குழியில் பதினாலு.”

“ஜெயித்துவிட்டேன்” என்றது சிறுத்தை.

“ஜெயித்தீர்கள். ஆனால் கூட்டினால் நாற்பதுதான் வருகிறது. ஒன்று குறைகிறது.”

“ஒரு கொட்டையில் என்ன வந்தது? அதுவும் விழுந்திருந்தால் என் பக்கம்தானே விழுந்திருக்கும்?”

“ஆமாம், உங்கள் பக்கம்தான் விழுந்திருக்கும்” என்றது அழுங்கு, தரையைப் பார்த்தபடி. “முயல் எங்கே?”

எல்லாம் திரும்பிப் பார்த்தன. சிறுத்தையின் மீசையில் சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது.

“யாராவது தண்ணீரில் வாய் வைக்கும்வரை மறுபடி போடலாம். அது நம் வழக்கம்” என்றது அழுங்கு. இந்த முறை அது சுருளவில்லை.

மறுபடி போட்டன. இடக்குழியில் நாற்பது. வலக்குழி காலி.

ஆறு காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்தி முன்னால் வந்து நின்றன. சிறுத்தை வந்த வழியே ஆற்றில் இறங்கியது.

அன்று தண்ணீர் குடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை. யானைகள் திரும்பி வரவே இல்லை. அழுங்கு இன்றும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

நீதி: எல்லாரையும் எண்ணும் இடத்தில்தான் ஒருவர் குறைந்தாலும் தெரியும்.